நிச்சயம் என்றால் தட்டு

புயல் வருமுன்பே களைத்துப்போகிற ஒரு கடற்கரை நகரத்தின் கதை இது. முடிவில் ஒரு கேள்வி வரும்; அதன் விடையை வெளியே தேட வேண்டாம், கதைக்குள்ளேயே கிடக்கிறது.

ஒரு பெரும்புயலில் பலரைப் பறிகொடுத்த பிறகுதான் அந்த நகரம் முன்கூட்டித் திட்டமிடக் கற்றுக்கொண்டது. மேட்டில் முகாம் கட்டியது. வாய்க்கால்களைத் தூர்வாரியது. எச்சரிக்கை வந்தால் வீடு வீடாகக் கதவைத் தட்டி ஆட்களைக் கிளப்ப, தெருவுக்கு ஒருவரை அமர்த்தியது.

உப்பளத் தெருவுக்கு ஜொஹரா. அத்தெருவின் கடைசியில், தாழ்ந்த வீட்டில் சவரிமுத்துவும் அவர் மனைவி எமிலியும் இருந்தார்கள். எமிலி இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடந்தாள். போர்வையில் வைத்து நாலு பேர் தூக்கும்போது அவள் கதறுவது தெருமுனை வரை கேட்கும். மூன்று முறை அப்படி முகாமுக்குத் தூக்கிப்போனார்கள். மூன்று முறையும் புயல் வேறு பக்கம் போய்விட்டது.

"உங்க புயலுக்கு எங்க வீட்டுக்கு மட்டும் வழி தெரியலையாம்மா?" என்றார் சவரிமுத்து. பிறகு சிரிக்காமல் சொன்னார்: "இனிமே நிச்சயம்னா மட்டும் தட்டு. சத்தியம் பண்ணு."

ஜொஹரா சத்தியம் செய்தாள். உள்ளே, கட்டில் சட்டத்தில் வளையல் தட்டும் சத்தம் கேட்டது. இருவரும் திரும்பவில்லை.

அடுத்த ஐப்பசியில் மறுபடி எச்சரிக்கை. வரலாம், வராமலும் போகலாம். நிச்சயமாகத் தெரியும் நேரத்தில் உப்பளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்.

"நிச்சயம்னே சொல்லிடுங்க மேடம். உயிர் தப்பிச்ச பிறகு எவன் பொய்யை ஞாபகம் வச்சுக்கப் போறான்?" என்றார் வார்டு அதிகாரி இளவழகன்.

ஜொஹரா போய்க் கதவைத் தட்டினாள். "நிச்சயமில்லண்ணே. சொன்ன வார்த்தைய மீறித்தான் வந்திருக்கேன். கிளம்புங்க."

"போம்மா. அவ கதறுறத நான்தானே கேக்கணும்?" சவரிமுத்து கதவைப் பாதி சாத்தினார். உள்ளே மறுபடி வளையல் சத்தம்.

பொய் சொல்லியாவது காப்பாற்றப் பார்த்தார் அதிகாரி. சத்தியத்தை உடைத்து உண்மையைச் சொன்னாள் ஜொஹரா. மனைவிக்கு வலிக்கக் கூடாதென்று வழியை மறித்தார் கணவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவருக்குள் தேடினால் கிடைக்காது. அன்று அந்த வீட்டில் தட்டியவர்கள் இரண்டு பேர். ஜொஹரா கதவைத் தட்டினாள். எமிலி கட்டிலைத் தட்டினாள். அவள் கதறலைத் தெருவே கேட்டிருந்தது. அவளைக் கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் முறை சத்தம் வந்தபோதுதான் ஜொஹரா கதவிடுக்கில் தலையை நுழைத்து, "என்னக்கா?" என்றாள். "தூக்கச் சொல்லுடி. கத்துவேன். கத்திட்டுப் போறேன். தண்ணிக்குள்ள கிடக்கிறதுக்கு அது தேவலாம்" என்றாள் எமிலி. அவளை முகாமுக்குத் தூக்கிப்போனார்கள். புயல் அன்றும் வேறு பக்கம் போனது. காலையில் வீடு திரும்புகையில், வலியில் உதடு வெளுத்த எமிலி ஜொஹராவின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அடுத்த தடவையும் தட்டு. ஆனா என்னை வந்து கேளு."