வாய்க்கட்டு

மலையடிவாரத்து ஏரிக்கரையில் ரசாயனச் சபை வருஷத்துக்கு ஒருமுறை கூடும். மருந்து செய்கிறவர்கள், சாயம் காய்ச்சுகிறவர்கள், உலோகம் உருக்குகிறவர்கள் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவார்கள். சபைக்குத் தலைவர் சடையப்பர். அவருடைய சீடன் மாசிலாமணி. சீடன் என்றாலும் தாடி பாதி நரைத்தவன்.

சபை கூடும் நாள் காலையில் மாசிலாமணி குருவிடம் கேட்டான்.

"ஐயா, நான் பாடுபட்டுக் கண்டதை எதற்காக எல்லாருக்கும் சொல்ல வேண்டும்?"

சடையப்பர் சபைக் கூடத்தில் ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஊருக்கு ஒரு பெயரோடு வந்து சேர்ந்த உப்புகளும் பாஷாணங்களும் அவற்றில் இருந்தன. தீயில் நிற்பவற்றை ஒரு பக்கம் வைத்தார். தீ பட்டதும் புகையாக ஓடிவிடுபவற்றை எதிர்ப்பக்கம் வைத்தார். நீரில் கரைபவற்றுக்கு நடுவில் இடம். எந்த ஊர்ச் சரக்கு, யார் கொண்டுவந்தது என்று அவர் பார்ப்பதில்லை.

"அந்தப் பச்சை மூடி ஜாடியை எடு" என்றார்.

மாசிலாமணி எடுத்துக் கொடுத்தான்.

"பதில் சொல்லவில்லையே, ஐயா."

"கனமாக இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் அடுத்ததையும் எடு."

மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தான்.

அவன் கேட்டதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை மயில்துத்தம் என்கிற நீல உப்பைச் சுத்தம் செய்ய ஒரு நல்ல வழியை அவன் இதே சபையில் சொன்னான். கேட்டுக்கொண்டுபோன திருமேனி என்கிற வைத்தியர், தன் ஊரில் அதற்குத் தன் பெயரையே வைத்துவிட்டார். இன்று சந்தைக்குப் போனால் 'திருமேனித் துத்தம்' என்றுதான் கேட்கிறார்கள். மாசிலாமணியே ஒருநாள் கடையில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி வாங்க வேண்டியதாயிற்று. இப்படி ஒன்று நடந்தால் எவனுக்கும் மறக்காது. மறந்துவிட்டேன் என்று சொல்கிறவனை நம்பக் கூடாது.

இந்த முறை அவனிடம் அதைவிடப் பெரிய சரக்கு இருந்தது. மஞ்சள் பாஷாணமான தாளகத்தோடு வெடியுப்பைச் சேர்த்து நெருப்பில் வைத்து எடுக்கிற பொடி. ஆறாத புண்ணை ஆற்றுகிற பொடி.

"சபையில் சொல்ல வேண்டியதை எல்லாம் யோசித்து வைத்துவிட்டாயா?" என்றார் சடையப்பர், ஜாடியைத் துடைத்தபடி.

"வைத்துவிட்டேன்."

"எல்லாமும்?"

"எல்லாமும்தான் ஐயா."

சடையப்பர் அடுத்த ஜாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

வெயில் ஏறியதும் சபை கூடியது. மாசிலாமணி நடுவில் நின்று தன் முறையைச் சொன்னான். எந்தச் சாற்றில் அரைப்பது, எப்படி வில்லை தட்டுவது, கீழ் அகலில் வைத்து மேல் அகலால் மூடி, மண் பூசிய துணியை எப்படிச் சுற்றுவது, எத்தனை வறட்டியில் எரிப்பது. குரல் தெளிவாக இருந்தது. கடைசி வரிசை வரை கேட்டது. திருமேனி கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வொன்றையும் மனசில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் மாசிலாமணி சொல்லவில்லை. மேல் அகலில் ஓர் ஊசித் துளை போட வேண்டும். துளையை மெழுகால் அடைக்க வேண்டும். சூடு ஏறும்போது மெழுகு உருகும். உள்ளே முட்டிக்கொண்டிருக்கும் ஆவி அந்த வழியாகப் போய்விடும். துளை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவனுக்குத் தெரியும். அவனுடைய முதல் அகல் வெடித்தபோது அவன் குடத்தோடு கிணற்றடியில் நின்றான். திரும்பி வந்து பார்த்தால் கொட்டகைக்கு ஒரு பக்கச் சுவர் இல்லை.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் இருந்தது. முறையைச் சொன்னவர் அதைச் செய்து காட்டக் கூடாது. வேறொருவர், காதால் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் செய்ய வேண்டும். சொன்னவருடைய வாயைத் துணியால் கட்டி உட்கார வைத்துவிடுவார்கள். கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. சரக்கு சரியாக வந்தால் அந்த முறை ஓலையில் ஏறும், எல்லா ஊருக்கும் நகல் போகும். வராவிட்டால் இல்லை. வாயைத் திறந்தால் முறை தள்ளுபடி, சொன்னவருக்கு அடுத்த வருஷம் பேசவும் இடமில்லை.

செய்ய யார் வருகிறீர்கள் என்று கேட்டால் ஒவ்வொரு வருஷமும் முதலில் கை தூக்குகிறவர் திருமேனி. மாசிலாமணியின் கணக்கு அதுதான். திருமேனி பயந்தாங்கொள்ளி, நெருப்பிலிருந்து தள்ளித்தான் நிற்பார், பெரிதாக ஒன்றும் ஆகாது, பொடி போகும், மானம் போகும். இப்படி அவன் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தான்.

சடையப்பர் தன் கையாலேயே மாசிலாமணியின் வாயைக் கட்டினார்.

"இறுக்கமாக இருக்கிறதா?"

மாசிலாமணி தலையை ஆட்டினான்.

"யார் செய்கிறீர்கள்?"

திருமேனி கையைத் தூக்கினார்.

சடையப்பர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "முதல் தடவை வந்தவர் யாராவது இருக்கிறீர்களா?"

"நான் இருக்கேன் சாமி" என்று ஒரு பெண் எழுந்தாள். பெயர் இசக்கியம்மாள். தெற்கே கடற்கரையில் மருந்து கொடுக்கிறவள். "வந்ததும் வராததுமா எனக்குப் பெரிய பரீட்சைதான். தப்பாப் போனா சிரிக்கப்படாது, சொல்லிட்டேன்."

"சிரிக்க மாட்டோம்" என்றார் சடையப்பர்.

திருமேனி முகம் சுருங்கியது. "நேற்று வந்தவளுக்குக் கொடுக்கிறார். நான் இங்கே எதற்கு?" என்று முனகிக்கொண்டு ஏரிக்கரை மேட்டுக்குப் போய், தன் வண்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

இசக்கியம்மாள் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். கேட்டதைக் கேட்டபடியே செய்தாள். அரைத்தாள். வில்லை தட்டினாள். வெயிலில் காய வைத்தாள். அகலில் வைத்து மூடினாள். மண் துணியைச் சுற்றிச் சுற்றி, விரலால் தடவி, ஓர் எறும்பு நுழைய இடமில்லாமல் அடைத்தாள்.

"நல்லா மூடியிருக்கேனா பாருங்க அண்ணாச்சி" என்று மாசிலாமணியிடம் நீட்டினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்க வாயைக் கட்டிப்போட்டிருக்காங்கல்லா, மறந்துட்டேன். முழிக்கிறதைப் பாத்தா நல்லாத்தான் மூடியிருக்கேன் போல."

எல்லாரும் சிரித்தார்கள். மாசிலாமணியின் கண்கள் அகலையே பார்த்துக்கொண்டிருந்தன. மண் காய்ந்துகொண்டிருந்தது. அது காயவே கூடாது என்று நினைத்தான். மழை வரக் கூடாதா என்று வானத்தைப் பார்த்தான். ஒரு மேகமும் இல்லை.

மண் காய்ந்தது. இசக்கியம்மாள் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு வறட்டிகளை அடுக்கினாள். நடுவில் அகலை வைத்தாள். மேலேயும் அடுக்கினாள். நெருப்பு வைத்தாள்.

அவளுக்குக் கண்பார்வை கொஞ்சம் மட்டு. நெருப்பு எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க மண்டியிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். ஊதினாள். புகை கண்ணில் ஏற, முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தாள்.

தள்ளி நில் என்று சொல்ல மாசிலாமணிக்கு வாயில்லை. கையைக் கொஞ்சம் தூக்கினான். பக்கத்தில் இருந்த சாயக்காரர் ஒருவர், "ஜாடை கூடாதய்யா" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

ஒன்றும் ஆகாது. அவனுடைய அகல் வெடித்தது மண் சரியில்லாததால்கூட இருக்கலாம். இங்கே வறட்டியும் குறைவு. இவள் எழுந்து போய்விடுவாள். தண்ணீர் குடிக்கவாவது போவாள். யாராவது அவளைக் கூப்பிடக் கூடாதா?

யாரும் கூப்பிடவில்லை. சடையப்பர்தான் தன் இடத்தை விட்டு எழுந்தார். மெல்ல நடந்து வந்து நெருப்புக்குப் பக்கத்தில், இசக்கியம்மாளுக்கு அருகே, தரையில் உட்கார்ந்தார்.

"என்ன சாமி, இந்த வெயில்ல இங்க வந்து உக்காருதீக?"

"குளிராக இருக்கிறது" என்றார்.

"சித்திரை மாசத்துலயா?"

"வயசாகிவிட்டது, அம்மா."

அவர் மாசிலாமணியைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வறட்டிகள் சிவந்தன. மேல் வறட்டி ஒன்று சரிந்தது. அகலின் விளிம்பு தெரிந்தது. உள்ளிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, மூடி போட்ட பானையில் அரிசி கொதிப்பதுபோல. அது என்ன என்று அங்கே இருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டுமே தெரியும்.

"சத்தம் கேக்குதே, அதுக்குள்ள பழுத்துட்டு போல" என்று இசக்கியம்மாள் மறுபடியும் குனிந்தாள்.

மாசிலாமணி வாயில் இருந்த துணியைப் பிடித்து இழுத்தான். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்துவிட்டது.

"துளை போடணும்! மேல் அகலில் துளை! விலகுங்க!"

இசக்கியம்மாள் திகைத்து நிமிர்ந்தாள். ஆளுக்கு ஆள் கூச்சல் போட்டார்கள். மாசிலாமணி ஓடிவந்து, ஒரு கையால் குருவைத் தள்ளிவிட்டு, வெறுங்காலால் நெருப்பை உதைத்தான். வறட்டிகள் சிதறின. அகல் சரிவில் உருண்டு ஏரிக்குள் விழுந்தது. விழுந்ததும் வெடித்தது. சேறும் தண்ணீரும் பனைமர உயரத்துக்கு எழும்பின. கரையில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்துபோயின.



இசக்கியம்மாள் ஏரியைப் பார்த்தாள். தன் முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு மாசிலாமணி பக்கம் திரும்பினாள்.

"ஒரு ஊசித் துளை. அதைச் சொல்ல மனசு வரலை, என்ன? எனக்கு வீட்டுல மூணு பிள்ளைக, அண்ணாச்சி."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்குள் மேட்டிலிருந்து திருமேனி இறங்கி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"பார்த்தீர்களா? எல்லாரும் பார்த்தீர்களா? சரக்கு சரியாக வருகிற நேரம் பார்த்து வாயை அவிழ்த்துக்கொண்டு வந்து உதைத்துவிட்டான். இன்னொருவர் கையில் பொடி வந்துவிடக் கூடாதாம்! எனக்குத் தெரியும் இவனை."

"அப்படி இல்லைங்க" என்றாள் இசக்கியம்மாள்.

"நீ சும்மா இரு அம்மா, நீ நேற்று வந்தவள். வழக்கம் வழக்கம்தான் சடையப்பரே. வாய் திறந்தால் தள்ளுபடி."

"தள்ளுபடிதான்" என்றார் சடையப்பர்.

"அடுத்த வருஷம் இவன் பேசக் கூடாது."

"பேசக் கூடாது."

"அது போதும்" என்று திருமேனி துண்டை உதறித் தோளில் போட்டார். "நீங்கள் ஓலையில் ஏற்றினால் என்ன, ஏற்றாவிட்டால் எனக்கென்ன? எல்லாம் இங்கே இருக்கிறது." நெற்றிப்பொட்டில் விரலால் தட்டிக் காட்டிவிட்டு மேட்டைப் பார்த்து நடந்தார்.

கூட்டம் கலைந்தது. ஓலை எழுதுகிறவர்கள் எழுத்தாணிகளை எடுத்து வைத்தார்கள். மாசிலாமணி ஏரிக்கரையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தான். பாதம் முழுவதும் கொப்புளம். சடையப்பர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஐயா, என் முறையும் போயிற்று. சபையில் இடமும் போயிற்று. பேசக்கூட முடியாது. இனி இங்கே எனக்கு என்ன வேலை இருக்கிறது?"

சடையப்பர் மேட்டுப் பக்கம் பார்த்தார்.

"காலையில் நீ சொன்னது திருமேனிக்கு நன்றாகக் கேட்டது. கடைசியில் துளை என்று நீ கத்தியது அவ்வளவு தூரம் கேட்கவில்லை. அதோ, வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்."