சிறை வாசலில் துபு

கொரியாவை ஜப்பான் ஆண்ட காலம். மலைமேல் ஒரு சிறிய மடத்தில் ஹேயுன் என்றொரு துறவி இருந்தார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய ஒரே சீடர் பில்ஹோவுக்கோ ஐம்பத்து நான்கு. ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். மடத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியும் பழைய பழக்கம் போகவில்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் தன்னையேதான்.

அன்று விடிந்ததும் குருவிடம் வந்து நின்றார்.

“சுவாமி, இன்று மதியம் தொக்சுவை விடுதலை செய்கிறார்கள்.”

“தெரியும். அதற்குத்தானே நேற்று சோயா ஊறப் போட்டு அரைத்தீர்கள்.”

சிறையிலிருந்து வருகிறவர் மறுபடி உள்ளே போகக் கூடாதென்று வாசலிலேயே துபு ஊட்டுவது அந்நாட்டு வழக்கம். சோயாப் பாலைத் திரிய வைத்து, துணியில் கட்டி அழுத்தி எடுக்கும் வெள்ளைப் பாளம் அது. தொக்சுவுக்கு மனைவி மக்கள் இல்லை. ஊட்டுவதென்றால் பால்ய நண்பர் பில்ஹோதான் ஊட்ட வேண்டும்.

“நானும் அவனும் ஒரே கொடியைத்தான் பிடித்தோம். ஒரே நாளில்தான் அகப்பட்டோம். இனி சுதந்திரம் என்று வாய் திறக்க மாட்டேன் என எழுதிக் கொடுத்துவிட்டு நான் ஒரே மாதத்தில் வந்துவிட்டேன். அவன் எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட இந்தக் கையால் அவனுக்கு எப்படி ஊட்டுவது?”

“முதலில் பாலைத் திரிய வையுங்கள்” என்றார் ஹேயுன்.

பால் திரிய, உப்பு மூட்டையிலிருந்து சொட்டிச் சேர்ந்த கசப்பு நீரைக் கரண்டி கரண்டியாக, நிதானமாக விட வேண்டும். பில்ஹோவின் மனம் சிறை வாசலில் நின்றது. சட்டியில் எடுத்து வைத்திருந்த பாதிப் பாலில் அதைக் கிண்ணத்தோடு கவிழ்த்துவிட்டார். பாளம் செங்கல்லாக இறுகிப்போனது. ஒரு விள்ளல் வாயில் போட்டவர் உடனே துப்பினார்.

“பார்த்தீர்களா சுவாமி? ஊட்டத் தகுதியில்லை என்று கைக்கே தெரிந்திருக்கிறது.”

ஹேயுன் பாளத்தைத் தன் பக்கம் இழுத்துத் தின்னத் தொடங்கினார்.

“கசக்கவில்லையா?”

“கசக்கிறது.”

“பிறகு ஏன் தின்கிறீர்கள்?”

“காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை.”

கடைசித் துண்டையும் மென்று விழுங்கிவிட்டு வாயைத் துடைத்தார். “கொப்பரையில் பாதிப் பால் மிச்சம் இருக்கிறது, ஆசிரியரே. மதியத்துக்கும் நேரம் இருக்கிறது.”

இரண்டாவது பாளம் நன்றாகவே வந்தது. பில்ஹோ அதை ஈரத்துணியில் சுற்றி மார்போடு அணைத்தபடி மலையிறங்கினார். சிறை வாசலுக்கு எதிரே ஒரு மரத்தின் பின்னால் நின்றார். இப்படியே திரும்பிப் போய்விட்டால் என்ன என்று மூன்று முறை நினைத்தார்.

கதவு திறந்தது. எலும்பும் தோலுமாக வந்த தொக்சு நேரே மரத்தடிக்கு நடந்து வந்தார்.

“ஏண்டா, ஒளிய இதைவிடப் பெரிய மரம் கிடைக்கவில்லையா? உன் தொந்தி வெளியே தெரிகிறது.”

பில்ஹோ மரத்தை விட்டு வெளியே வந்தார். துணியை விரித்து நீட்டினார். தொக்சு ஒரு வாய் தின்றார். மென்றபடியே கேட்டார்.

“நீ வந்தபோது உனக்கு யார் ஊட்டியது?”

“யாரும் இல்லை. யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு…”

“அது தெரியும். நீ போன பிறகு முதல் வாரம் முழுக்க உன்னைத் திட்டினேன். இரண்டாவது வாரம் நீ படுத்திருந்த இடத்தில் கால் நீட்டித் தூங்கினேன். வாயைத் திற.”

பில்ஹோ வாயைத் திறந்தார். சுவரோரம் குந்தியிருந்து இருவரும் தின்று முடித்தார்கள். காவலன் வந்து விரட்டியபோது தொக்சுவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

மாலையில் பில்ஹோ மடத்துக்குத் திரும்பினார். ஹேயுன் அடுப்புச் சாம்பலை வாரிக்கொண்டிருந்தார்.

“சுவாமி, அவனுக்குக் கொண்டுபோனதில் பாதியை எனக்கு ஊட்டிவிட்டான். நானும் தின்றேன். தின்றிருக்கலாமா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.”

“அடுத்து யார் வெளியே வருகிறார்?”

“எங்கள் ஊர்க் கொல்லர். இருபது நாளில்.”

“அவருக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா?”

“அம்மா இருந்தாள். மாசியில் போய்விட்டாள்.”

ஹேயுன் சாம்பல் கூடையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

“அப்படியானால் பத்தொன்பதாம் நாள் எந்த யோசனையும் வைத்துக்கொள்ளாதீர்கள். சோயா அரைக்கிற வேலை இருக்கும்.”