கசகசாவுக்கு இரண்டு சொந்தக்காரிகள்

கடல் தாண்டி ஒரு நாடு. பெயர் எதற்கு, ஒரு நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மசாலா டப்பாவில் சாதுவாகக் கிடக்கும் கசகசா அங்கே போதைப்பொருள். அபினிச் செடியின் விதையாம். அதனால் அபினிக்கு உள்ள சட்டம்தான் அதற்கும். கொண்டுவந்தவர் வெளிநாட்டுக்காரர் என்றால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு காவலில் வைப்பார்கள். வழக்கும் தண்டனையும் முடிந்ததும் விமானம் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அந்த மண்ணை மிதிக்க முடியாது. 'தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன்' என்று அழுதால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்நாட்டு விமான நிலையத்தில் அருளானந்தம் பதினெட்டு வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். பேசியவர் பேசியதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன், என் கருத்தைச் சேர்க்கமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து வேலையில் சேர்ந்தவர். இதுவரை மீறியதில்லை.

ஒருநாள் காலை கஸ்டம்ஸ் வரிசையில் இரண்டு அம்மாக்கள் வந்து நின்றார்கள். கோமதி, பெண்ணைப் பெற்றவள். சவுந்தரம், பிள்ளையைப் பெற்றவள். நிறைமாதமாக இருக்கும் சுகந்திக்குப் பிரசவம் பார்க்க வந்த சம்பந்திகள். இருவரும் சேர்ந்து சாமான் அடுக்கிக் கயிறு கட்டிய ஒரே அட்டைப்பெட்டி, அதன்மேல் இருவர் பெயரும். அந்தப் பெட்டியைத் தவிர வேறு எதிலும் ஒத்துப்போனவர்களாகத் தெரியவில்லை. வரிசையிலேயே குருமாச் சண்டை.

"மதினி, உங்க பேச்சக் கேட்டு கசகசாவ டப்பாவோட வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். அது இல்லாம எம்மகளுக்குக் குருமா எறங்காது" என்று கோமதி குறைப்பட்டாள்.

தன் அடுப்படியில் என்றைக்கும் முந்திரிதான், கசகசா வாசற்படி ஏறினதில்லை என்றாள் சவுந்தரம். வழக்கமாக அதோடு விடுகிறவள் இல்லை போலிருக்கிறது. இன்று ஏனோ பேச்சை வளர்க்கவில்லை. அருகில் நின்ற அருளானந்தம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

பெட்டியைப் பிரித்தார்கள். உளுந்துப் பைக்கு அடியில் கால் கிலோ கசகசா இருந்தது. கடைப் பொட்டலம், ஒட்டுகூடப் பிரியாதது.

அதிகாரி சட்டத்தைச் சொன்னார். அருளானந்தம் அதைத் தமிழில் சொன்னார். கோமதி பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு சம்பந்தியைப் பார்த்தாள்.

"என்னோடதுதான் தம்பி. எம்மகளுக்குன்னு நாந்தான் வச்சேன்" என்றாள்.

"இல்ல தம்பி, அது என்னோடது" என்றாள் சவுந்தரம். "பிரசவத்துக்குப் பெத்தவதான் வேணும். மதினிய விட்டுருங்க."

"அவுக சொல்றத எடுத்துக்காதீங்க. சக்கர வியாதிக்காரி, வேளைக்கு ஊசி போடணும். உள்ள கெடந்தா யாரு போட்டுவிடுவா?"

குற்றத்தை அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களைத்தான் அந்த அதிகாரி பார்த்திருக்கிறார். எனக்கு உனக்கு என்று குற்றத்துக்குப் போட்டிபோடுகிறவர்கள் அவருக்குப் புதிது. இருவரும் ஒப்புக்கொண்டால் இருவரையும் உள்ளே வைக்க வேண்டிவரும், அப்புறம் அந்தப் பெண்ணுக்கு யார் துணை என்று யோசித்தவர், இதை வைத்து என்ன செய்வீர்கள் என்று ஆளுக்கொரு முறை கேட்டார்.

ஊறவைத்துத் தேங்காயோடு மையாக அரைத்துக் குருமாவில் ஊற்றுவேன் என்றாள் கோமதி. சவுந்தரம் திருதிருவென்று விழித்தாள். பிறகு, எண்ணெய் காய்ந்ததும் கடுகு மாதிரி போட்டுத் தாளிப்பேன் என்றாள். அருளானந்தம் இரண்டையும் அப்படியே மொழிபெயர்த்தார்.

அதிகாரி அவரிடமே திரும்பினார். "நீங்களும் அந்த ஊர்க்காரர்தானே. யார் சொன்னது சரியான பக்குவம்? அவளே சொந்தக்காரி. அவளைக் காவலுக்கு அனுப்பிவிடுகிறேன்."

சரியான பக்குவம் சொன்னவள் கோமதி. அப்படிச் சொன்னால் அது பொய்யும் இல்லை. ஆனால் எது சரி என்று சொன்னால் அது அருளானந்தத்தின் கருத்தாகிவிடும், சத்தியம் தடுத்தது.

கதை கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கசகசா யாருடையது? சத்தியம் தவறாமல் அருளானந்தம் என்ன சொல்ல வேண்டும்?

விடை: கசகசா சவுந்தரத்துடையது. டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகக் கோமதி சொன்னது பெட்டியைப் பிரிக்கும் முன்பு. அப்போது பொய் சொல்ல அவளுக்குத் தேவையே இல்லை. பக்குவம் தெரியாதது, சவுந்தரம் அதை ஒருநாளும் சமைக்காததால். மருமகளுக்குப் பிடிக்குமே என்று, சம்பந்தியிடம் தோற்றதாகவும் காட்டிக்கொள்ளாமல், புதிதாக வாங்கி ஒளித்துவைத்திருக்கிறாள் அந்த வீம்புக்காரி. அருளானந்தம் கருத்து எதுவும் சொல்லவில்லை. இவர்கள் பேசியதில் இன்னும் கொஞ்சம் மொழிபெயர்க்க மிச்சமிருக்கிறது என்று, வரிசையில் நடந்த குருமாச் சண்டையை ஒரு சொல் விடாமல் சொன்னார். அதிகாரிக்குச் சொந்தக்காரி யாரென்று புரிந்துவிட்டது. ஊசி விஷயத்தையும் இன்னொரு தடவை சொன்னார். அதிகாரி அதைக் காவல் தாளில் எழுதிக்கொண்டார். சவுந்தரம் இருபத்து மூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு ஊர் திரும்பினாள். இனி அந்த நாட்டுக்குள் அவளால் போக முடியாது. பேத்தியை ஊருக்குக் கொண்டுவந்து காட்டினால்தான் உண்டு. ஆனால் பிரசவத்தின்போது பெற்றவள் பக்கத்தில் இருந்தாள், சவுந்தரம் கேட்டதும் அதைத்தானே. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வீட்டுக்கு வந்த மகளுக்குக் கோமதி குருமா வைத்தாள். முந்திரி அரைத்துத்தான் வைத்தாள்.