மஞ்சளாகாத புள்ளி

துணைத் தலைவர் ஞானசம்பந்தத்தின் மென்பொருள் நிறுவனத்தில், ஐந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் மஞ்சளை மட்டும் அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

கோவில்பட்டியிலிருந்து மென்பொருளைச் சோதித்துத் தரும் முத்துச்செல்விக்குப் புதன்கிழமை பதினோரு மஞ்சள். அன்று மாலையே அவளைப் போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, அங்க வெயில் ஜாஸ்தியோ? கண்ணைச் சொருகுதோ? நாளைக்கு ஒரு தடவை மஞ்சளானாலும் திங்கட்கிழமை மூட்டையக் கட்டிட்டு சென்னைக்கு வந்துடணும்."

கைக்குழந்தைக்காரி. சென்னை என்றால் வேலையை விட வேண்டியதுதான்.

"ஆகாது சார்" என்றாள்.

ஆகவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவளுடைய வியாழக்கிழமைக் கணக்கை எல்லோருக்கும் திரையில் காட்டினார் ஞானசம்பந்தம். "எட்டு மணி நேரமும் பச்சை. இதுதான்யா வேலை. எப்படிச் செஞ்சேன்னு சொல்லும்மா."

"நான் செய்யல சார். மவுஸ மேசை விசிறியோட தலையில கட்டி விட்டிருந்தேன். அது நாள் பூரா ஆடிச்சு. நேத்து நான் லீவு. நீங்கதான ஒப்புதல் குடுத்தீங்க?"

வந்த விண்ணப்பத்தைப் படிக்காமலே ஒப்புதல் பொத்தானை அழுத்துவது அவர் வழக்கம்.

"அப்ப புதன்கிழமை?"

"காகிதத்துல போட்டுப் பாத்துட்டிருந்தேன் சார். ஆஸ்பத்திரி மென்பொருள் ரத்தப் பிரிவை மாத்திக் காட்டுச்சே, அந்தப் பிழை பதினோராவது மஞ்சள்லதான் அகப்பட்டுச்சு."

அதற்காக ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பாராட்டுக் கடிதத்தை அன்று காலையில்தான் அவர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை பத்தரைக்குக் கோவில்பட்டிப் புள்ளி மஞ்சளானது. அவளைப் போனில் அழைக்கப் போன உதவியாளரை ஞானசம்பந்தமே தடுத்தார்.

"இருய்யா, அந்தப் பொண்ணு வேலையா இருக்கு."