பாகல் முகத்தில் பரு

அந்தக் காலத்தில் காய்கறிகளுக்கு வாயும் இருந்தது, வாய்க்கொழுப்பும் இருந்தது. அப்போது பாகற்காய் கசக்காது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். கரும்புக்கு அடுத்தபடி இனிப்பு என்றால் பாகல்தான். மேனியும் சுரைக்காய் மாதிரி வழவழவென்று இருக்கும். கல்யாணப் பந்தியில் பாகல் பச்சடி விழாத இலையே கிடையாது.

அப்படி ஒரு தோட்டத்துப் பந்தலில் இளம் பாகல் ஒருத்தி தொங்கிக்கொண்டிருந்தாள். ஊர் நாட்டாண்மை மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சமையலுக்குத் தலைவரான தவசிப்பிள்ளை குற்றாலிங்கம் காய் பார்க்க வந்தவர், இவளைத் தொட்டுப் பார்த்து, "மாப்பிள்ளை இலைக்கு இதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கெல்லாம் பாகலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளுக்குக் காலே இல்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் விடிந்ததும் கன்னத்தில் என்னவோ உறுத்தியது. இலையில் தேங்கியிருந்த பனித்துளியில் முகத்தைப் பார்த்தாள். ஒரு பரு. கடுகளவுதான். ஆனால் அவள் போட்ட கூச்சலில் பந்தலே ஆடியது.

"எதுக்குட்டி இப்படி அலறுதே?" என்று பக்கத்தில் தொங்கிய புடலை மதினி எட்டிப் பார்த்தாள். "அட, பருதானா! சரி சரி, தவசிப்பிள்ளை கண்ணுல மட்டும் பட்டுராதே. மேலே ஒரு புள்ளி கண்டாலும் அவரு சொத்தைன்னு பிடுங்கி மாட்டுக்குப் போட்டுருவாரு."

மாட்டுக்கா! மாப்பிள்ளை இலை எங்கே, மாட்டுத் தொட்டி எங்கே!

மேலே இருந்த சுரைப் பெரியம்மா தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: "வளருத காய்க்குப் பரு வராம எனக்கா வரும்? நீ அதைத் தேய்க்காதே, கிள்ளாதே. பேசாம கிட. தானா அமுங்கிரும்."

சொல்வது சுலபம். முகத்தில் ஒன்று முளைத்துவிட்டால் மனசு வேறெங்காவது போகுமா? பாகலுக்கு நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது. பெரியம்மா கண்ணை மூடியதும் மூங்கில் கழியில் கன்னத்தை வைத்து ஒரு தேய்ப்பு தேய்த்தாள். பரு உடைந்து நீர் வடிந்தது. அப்பாடா என்றிருந்தது. வெயில் ஏறியதும் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றி நாலு புதுப் பரு.

அப்புறம் கேட்க வேண்டுமா? வாய்க்கால் சேற்றைப் பூசினாள். பாத்தியிலிருந்த மஞ்சளிடம் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கிப் பூசினாள். பூசியதை ஒரு நாள் இருக்கவிட்டாளா? அதுவும் இல்லை. பொழுதுக்கு நாலு தடவை கழுவிக் கழுவிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கப் பெருகியது. வரப்பில் யாராவது நடந்தால் போதும், தவசிப்பிள்ளைதானோ என்று இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

தோட்டத்து மூலையில் ஒரு வேம்பு நின்றது. பாகல் கொடியை நீட்டி நீட்டி அதனிடம் போய்ச் சேர்ந்தாள்.

"அண்ணாச்சி, என் முகத்தைக் கொஞ்சம் பாருங்க."

"கொழுந்தை உதிர்த்துத் தாரேன். அரைச்சு மேலுக்குப் பூசு. ஒரு மாசத்துல ஆறிரும்" என்றது வேம்பு.

"மாசமா! நாலாம் நாள் கல்யாணம்!"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? பரு என்ன நம்ம அவசரம் பாத்தா போகும்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. என் சாறு மேலுக்குத்தான். உள்ள போயிரக் கூடாது."

மேலுக்குப் பூசினால் ஒரு மாசம் என்றால், உள்ளுக்குக் குடித்தால் ஒரே நாளில் போய்விடாதா? பயந்த மனசு போடும் கணக்கு அப்படித்தான் இருக்கும். உச்சி வெயிலில் தோட்டம் கண்ணயர்ந்த நேரம், பாகல் தன் சுருள்கொடியை வேம்பின் பட்டை வெடிப்புக்குள் நுழைத்து உறிஞ்சினாள். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னும் உறிஞ்சினாள்.

"ஏ புள்ள, விடு! போதும், விடு!" என்று வேம்பு பதறிக் கிளையை உதறியது. அவள் விடவில்லை.

பருவின் சிவப்பு என்னவோ போயிற்று. பரு போகவில்லை. இருந்த இடத்திலேயே கெட்டிப்பட்டு நின்றுவிட்டது.

கல்யாணத்தன்று காலையில் தவசிப்பிள்ளை கூடையோடு வந்தார். பாகல் இலைக்குள் ஒடுங்கிக்கொண்டாள். அவர் இலையை விலக்கினார். மேலும் கீழும் பார்த்தார். மாடு, மாடு, மாடு என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

தவசிப்பிள்ளை கடகடவென்று சிரித்தார்.

"அடடே, பருவா? இதுக்கா முகத்தை மூடிக்கிட்டே? என் மக முகத்துலயும்தான் இப்படிக் கிடக்கு, அவளைத் தூக்கியா போட்டுட்டேன்? லேசாச் சீவுனா தீர்ந்தது. பச்சடிக்கு ருசி உள்ளேதானே இருக்கு!"

பாகலுக்கு உயிர் வந்தது. அவர் வழக்கம்போல் நுனியை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தார். வைத்த வேகத்தில் துப்பினார். முகம் கோணிப்போயிற்று.

"என்ன தாயி செஞ்சே?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குற்றாலிங்கம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பருவோட வந்திருந்தா கையோட கூட்டிட்டுப் போயிருப்பேனே, பாவி மகளே" என்று மட்டும் சொல்லிவிட்டு, பரங்கிக்காயைப் பறித்துக் கூடையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

மேளச் சத்தம் தோட்டம் வரைக்கும் கேட்டது. பாகல் தன்னை உள்ளுக்குள் தடவித் தடவிப் பார்த்தாள். எங்கும் கசப்பு. விதையைச் சுற்றி மட்டும் பழைய இனிப்பு ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதையாவது அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று தவித்தாள். தவித்துத் தவித்துப் பழுத்தாள், மஞ்சளாகி வெடித்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பி வரவே இல்லை.

அன்று முதல்தான் பாகற்காய் முகமெல்லாம் பருவோடு கசந்து கிடக்கிறது, கல்யாண இலையில் அதற்கு இடமில்லை. பழுத்த பிறகு தானே வாயைப் பிளந்து உள்ளே சிவந்திருக்கும் இனிப்பைக் காட்டுகிறது, பறிக்கத்தான் ஆள் வருவதில்லை.