நாரைகளின் அடுக்களை

முன்னொரு காலத்திலே ஆம்பல் நாடு என்று ஒரு நாடு. அதை ஆண்டவர் கார்வண்ணராயர். நல்ல ராஜாதான், ஆனால் நினைத்தது நினைத்த நிமிஷமே நடந்தாக வேண்டும். ஒருமுறை மண்டபம் கட்ட ஆசை வந்து, அரண்மனை ஏரிக்கரையில் நின்ற மருத மரங்களை ஒரே வாரத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டார். ஐப்பசி பிறந்தால் நத்தைக்குத்தி நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து கூடு கட்டுவது அந்த மரங்களில்தான். அப்போதெல்லாம் அரசி வஞ்சியம்மை மாடத்தில் நின்று, சம்பந்தி வீட்டார் வந்ததுபோல, "வந்துட்டாங்க பாருங்க" என்பாள்.

அரசி கண்மூடி மூன்று வருஷமாகிறது. போன ஐப்பசியில் வந்தவை ஏழே ஏழு நாரைகள், வெட்டாமல் விட்ட ஒற்றை மரத்துக்கு. ராஜா மாடத்தில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு இறங்கவில்லை. கடைசியில் சபையைக் கூட்டி, ஏரிக்கரை நெடுக ஒரு சோலை வைக்க வேண்டும், வேலி போட்டுக் காவல் வைக்க வேண்டும், நாரைகள் திரும்பி வர வேண்டும் என்றார்.

கருவூலத் தலைவர் விழுப்பரையர் எழுந்தார். கருவூலம் காலி, ஆனாலும் ஒரு வழி இருக்கிறது என்றார். ஊருக்குக் கிழக்கே நாணல் தாங்கல் என்று தண்ணீர் தேங்கும் பொதுநிலம் கிடக்கிறது. முழங்கால் சேறும் நத்தையும் தவிர அங்கே ஒன்றுமில்லை. அதை விற்றால் சோலை வைத்தது போக மிச்சமும் இருக்கும். தண்ணீரை வடித்து வயலாக்கிக்கொள்ள, வாங்கவும் ஆள் தயார். அந்த ஆள் தன் மைத்துனன் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சபைக்கே தெரியும், சபையும் சொல்லவில்லை.

ராஜாவுக்கு நாரை வந்தால் போதும். விற்கச் சொல்லிவிட்டார்.

விற்பனை ஓலை எழுத அரண்மனை ஓலைக்காரன் சாத்தனைக் கூப்பிட்டார்கள். சாத்தன்மேல் விழுப்பரையருக்கு நெடுநாள் எரிச்சல். மந்திரிமார் பேசினால் கொட்டாவி விடும் ராஜா, இவன் வாய் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறாரே.

"உன் சாமர்த்தியத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வழக்கப்படி எழுதப்பா. தாங்கலில் உள்ளது ஒன்று விட்டுப்போனாலும் உன் வேலை போகும்" என்றார் விழுப்பரையர்.

சாத்தன் ஆகட்டும் ஐயா என்று போனவன், மூன்று நாள் தாங்கல் கரையிலேயே உட்கார்ந்திருந்தான். சேற்றில் என்ன புதையல் தேடுகிறானோ என்று சபை சிரித்தது.

நிலம் விற்றால் பெண் யானையை நாலு எல்லையும் நடக்கவிட்டு, அந்த மண்ணிலேயே ஓலையை உரக்கப் படிப்பது அந்த நாட்டு வழக்கம். அதன் பிறகுதான் ராஜமுத்திரை. மாசி மாதம் ஒரு நல்ல நாளில் யானை சுற்றி வந்தது. ராஜா கரையில் நிற்க, சாத்தன் படித்தான். நிலத்தோடு சேர்த்து விற்பவை: மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு, உடும்பு ஓடுவது, ஆமை தவழ்வது, நத்தை ஊர்வது, அரண்மனை ஏரிக்கரையில் கூடு வைத்து இங்கே வந்து மேயும் நாரை ஏழு.

முத்திரையோடு நீண்ட ராஜாவின் கை அப்படியே நின்றது. "நாரையுமா?"

சாத்தன் கை காட்டினான். நாணலுக்கு அப்பால் ஏழும் நின்றன, குனிந்து சேற்றைக் கிளறிக்கொண்டு.

"அவற்றுக்குக் கட்டில் உங்கள் ஏரிக்கரையில், அரசே. அடுக்களை இங்கே. அடுக்களையை விற்றுக் கட்டில் செய்கிறோம். கட்டில் என்னவோ அழகாகத்தான் இருக்கும்."

விழுப்பரையர் பதறி, நாரையை ஓலையிலிருந்து அடித்துவிடச் சொன்னார்.

"தாராளமாக அடிக்கலாம் ஐயா. ஆனால் விற்காத நாரைக்கு அதன் அனுபோக உரிமை போகாதே. தலைமுறை தலைமுறையாக மேய்ந்த இடம். வாங்குகிறவர் தண்ணீரை வடிக்கக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது, நத்தையில் கை வைக்கக் கூடாது. நீங்கள்தானே வழக்கப்படி எழுதச் சொன்னீர்கள்."

யானைக்குப் பின்னால் நின்ற மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை. "அப்புறம் நான் எதுக்கு அத்தான் இதை வாங்கணும்? நாரைக்குச் சமைச்சுப் போடவா?"

பாகன் வாயைப் பொத்திக்கொண்டான். ராஜா மெல்லத் திரும்பினார். "அத்தானா?"

விழுப்பரையர் தலை தொங்கிப்போயிற்று. ராஜா அவரை விட்டுவிட்டுச் சாத்தனைப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "சோலை வேண்டுமே, சாத்தா. எதை விற்பது?"

விற்கவே கூடாதென்று தான் சொல்லவில்லை என்றான் சாத்தன். கடைத்தெருவை ஒட்டிப் பழைய குதிரை மைதானம் கிடக்கிறது. அதுவும் பொதுநிலம்தான், புல்லே முளைக்காத கல்தரை. அங்கேயும் போய் உட்கார்ந்து பார்த்தானாம். வேறு எந்த ஜீவனுக்கும் அது வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷமாக விழுப்பரையரின் குதிரைகள்தான் வாடகையில்லாமல் நிற்கின்றன.

அன்றே தீர்ப்பாயிற்று. மைதானம் ஏலத்துக்குப் போகும், சோலைக் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமக்க விழுப்பரையரின் குதிரைகள் போகும், விழுப்பரையர் கூடவே நடப்பார். சாத்தன் இனி மந்திரி.

"தாங்கலை நாரைகளுக்கே எழுது" என்றார் ராஜா. கொஞ்சம் தயங்கி, "அதில் எனக்கென்று என்ன எழுதுவாய்?" என்று கேட்டார்.

"கரையில் நின்று பார்க்கும் அனுபோகம், அரசே. வரச் சொல்லும் உரிமை கிடையாது."

நினைத்ததெல்லாம் நினைத்தபடி நடத்திய ராஜா, நாணலுக்கு அப்பால் நின்ற நாரைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். பிறகு, "எழுது" என்றார்.

யானை போயிற்று, சபையும் போயிற்று. பொழுது சாய, ஏழும் எழுந்து ஏரிக்கரைப் பக்கம் பறந்தன. இன்று நடுகிற கன்று மரமாகிக் கூடு தாங்க எத்தனை ஐப்பசி ஆகுமோ, யார் கண்டது. ராஜா வெறும் தண்ணீரைப் பார்த்தபடி, தன் அனுபோகத்தை அன்றைக்கே தொடங்கினார்.