தக்காளிக்கு ஊன்றுகோல் வந்த விதம்

சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கிற மூன்று பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப்போகட்டும். இரண்டுதான் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்கு எண்ணத் தெரியாது.

அந்தக் காலத்தில், ஆடு மாடு செடி கொடி எல்லாம் நம்மைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தக்காளி நெட்டுக்குத்தாக நிற்கிற செடியாக இருந்தது. தண்டுக்குள் வைரம் பாய்ந்திருக்கும். சூறைக்காற்றில் தென்னையே வளைந்தாலும் தக்காளி வளையாது. அது கப்பலேறி வந்த செடியாயிற்றே என்று கேட்பீர்கள். உண்மைதான். அவ்வளவு தூரமும் கப்பலில் நின்றுகொண்டேதான் வந்தது.

அப்போது ஒரு ஊரில் தாண்டவராயன், சூடாமணி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. ஊரோ இடமே இல்லாத ஊர். ஒரு காக்கை இறங்கி உட்கார வேண்டுமானால் இன்னொரு காக்கை எழுந்து இடம்விட வேண்டும். இவர்கள் வீடு மாடியில் ஒற்றை அறை. தாண்டவராயன் வேட்டியை உதறிக் கட்டினால் சூடாமணி படிக்கட்டில் போய் நின்றுகொள்வாள். அந்த அறைக்கு வெளியே ஒரு குட்டைச் சுவர். அதன் மேல் ஒன்றரைச் சாண் அகலத்துக்கு இடம். அங்கேதான், அடியில் விரிசல் விட்ட ஒரு பானையில், மண்ணைப் போட்டுச் சூடாமணி ஒரு தக்காளி வைத்திருந்தாள்.

சூடாமணி பூக்கட்டுகிறவள். தாண்டவராயன் வண்டிகளில் பாரம் கட்டுகிறவன். பருத்திப் பொதியை மலைபோல் அடுக்கி, அதன் மேல் ஏறி நின்று, கயிற்றை இழுத்து அவன் ஒரு முடிச்சுப் போட்டால் வண்டி கவிழ்ந்தாலும் பொதி அசையாது. ஆளும் அப்படித்தான். பொதிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பான்.

தக்காளி அவளை அக்கா என்று கூப்பிடும். அக்கா புருஷன் மாமாதானே? அந்த உரிமையில் அவனை ஒரு வழி பண்ணிவிடும்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லு. ஊருக்கெல்லாம் விழுற வெயில் எனக்கும் விழட்டும்."

"அடிங்க! ஒன்றரைச் சாண்ல இருந்துக்கிட்டு உனக்கு வாயப் பாரு."

"வாய் இருந்தாப் போதும் மாமா. உன்னை மாதிரி வயிறு இருந்தாத்தான் இடம் வேணும்."

அவன் சிரித்துக்கொண்டே அரிசி கழுவிய தண்ணீரைப் பானையில் ஊற்றுவான். பிள்ளை இல்லாத வீடு. அந்த அதட்டலும் சிரிப்பும்தான் அங்கே கேட்கிற சத்தம்.

அந்த வருஷம் தக்காளி முதன்முதலாகக் காய் பிடித்தது. ஆறு காய். ஆறும் பச்சை. அந்த வழியாக வருகிறவர்களிடமெல்லாம் எண்ணிக் காட்டும். கீழே சந்தில் ஒரு வெள்ளாடு உண்டு. அது தினமும் அண்ணாந்து பார்த்து, "விழுமா, விழுமா?" என்று கேட்கும். "நான் விழுற சாதியில்ல. வேற வேலை இருந்தாப் பாரு" என்று தக்காளி பதில் சொல்லும்.

ஒருநாள் தாண்டவராயன் பாரத்தின் உச்சியிலிருந்து, ஏணி இருக்க, வித்தை காட்டுவதுபோல் குதித்தான். கால் முறிந்தது. வைத்தியர் முட்டையும் உளுந்தும் குழைத்துத் துணி சுற்றிக் கட்டினார். எலும்பு கூடியது. ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் நிற்க வராது. மூங்கில் கொண்டுவந்தார்கள், அவன் சாய்ந்ததும் முறிந்தது. வேம்பு, முறிந்தது. கருவேலம்கூட ஒரு முனகல் முனகிவிட்டு இரண்டானது.

அவன் அறையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாட்கள் போகப் போகப் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் சோறு வேண்டாம் என்றான். மறுநாளும் வேண்டாம் என்றான். சூடாமணி பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது, திரும்பிப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். தக்காளி இரண்டு நாளும் தண்ணீர் வேண்டாம் என்றது. அவள் போனதும் சொன்னது:

"மாமா, இங்க நகர்ந்து வா."

"எதுக்கு?"

"எனக்குள்ள ஒரு கோல் இருக்கு. உருவிக்க."

"பைத்தியமா உனக்கு?"

"அந்தக் கோலை வச்சுக்கிட்டு நான் எங்க நடக்கப்போறேன்? சந்தைக்கா? உனக்குத்தான் நாலு தெரு சுத்தாட்டிச் சோறு எறங்காது. உருவு மாமா. முருங்கைக்காய்ச் சக்கையிலிருந்து சதையை உருவுவியே, அந்த மாதிரி மெதுவா."

அவன் மாட்டேன் என்றான். அது விடவில்லை. கடைசியில் அவன் பானையோரம் மண்ணைத் தள்ளி, இரண்டு விரலால் பிடித்து, மூச்சை அடக்கி உருவினான். வழவழவென்று ஒரு வைரக்கோல் வந்தது. ஊன்றினான். முறியவில்லை. எழுந்தான். நின்றான்! சின்னப் பையன் மாதிரி படியில் இறங்கி, "ஏய், பாருங்கடா!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு போய்விட்டான்.

அதுவரை தக்காளி மூச்சைப் பிடித்து நின்றது. அவன் தலை மறைந்ததும் சாய்ந்தது. தோட்டத்து மண்ணாக இருந்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளலாம். ஒன்றரைச் சாண் சுவரில் எங்கே படுப்பது? தலை வெளியே தொங்கியது. ஆறு காயின் கனமும் தண்டைப் பானை விளிம்பில் வைத்து அறுத்தது. கீழே வெள்ளாடு வாயைத் திறந்து வைத்துக்கொண்டது.

சூடாமணி பாதி வியாபாரத்தில் ஏதோ மனசு கேட்காமல் திரும்பி வந்தாள். பார்த்தவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, செடியை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள். கையை எடுத்தால் முறிந்துவிடும். பூவெல்லாம் வாடியது. அவள் பிடித்தபடியே நின்றாள்.

"விடு அக்கா, கை கடுக்கும்."

"வாயை மூடு. காய் ஆறும் கைக்குள்ளதான் இருக்கு. எண்ணிக்கோ."

தாண்டவராயன் வந்தான். பார்த்தான். முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே வடிந்தது. கோலை மறுபடி தண்டுக்குள் செருகப் பார்த்தான். முடியவில்லை. உருவிய வழி அதற்குள் பச்சையாய் மூடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கோலைச் செடியோரம் பானையில் ஆழமாக ஊன்றினான். ஊன்றியதும் அவனால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"என்னங்க, உங்களுக்கு?"

"நான் விழுந்தா எழுந்துக்குவேன். இது விழுந்தா ஆட்டு வயித்துக்குள்ளல்ல போகும்? கயித்தை எடு."

இங்கேதான் தப்பு நடந்தது. அவன் கைக்குத் தெரிந்தது ஒரே முடிச்சு. வண்டிக் கயிற்றால் செடியையும் கோலையும் சேர்த்து மூன்று சுற்று சுற்றி, நல்ல காலைச் சுவரில் உதைத்து இழுத்து, பாரம் கட்டுகிற முடிச்சைப் போட்டான்.

"இனி பூமி கவிழ்ந்தாலும் அசையாது!"

அசையவில்லைதான். மறுநாள் தக்காளி கொஞ்சம் மெதுவாகப் பேசியது. அதற்கு மறுநாள் "மாமா" என்று மட்டும் சொன்னது. நான்காம் நாள் காலையில் இலையெல்லாம் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை.

"வெயில் அதிகம்" என்றான் தாண்டவராயன். தண்ணீர் ஊற்றினான். இன்னும் ஊற்றினான். சூடாமணி குனிந்து கயிற்றுக்குள் சுண்டுவிரலை நுழைக்கப் பார்த்தாள். நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை.

"என்ன கட்டு கட்டியிருக்கீங்க! பொதி வளராதுங்க. இது வளருதே!"

அவள் கயிற்றை அறுத்தாள். தண்டில் கயிற்றின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. அதைத் தடவிக் கொடுத்தாள். அவள் விரல் பட்டதும் செடிக்கு உச்சிமுதல் அடிவரை புல்லரித்தது. உயிர் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

தன் பழைய புடவையின் ஓரத்தை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தாள். முதலில் கோலைச் சுற்றி இறுக்கினாள். பிறகு துணியை ஒருமுறை குறுக்கே முறுக்கி, அந்தப் பக்கமாகத் தண்டைச் சுற்றி வளைத்து, லேசாக முடிந்தாள்.

"தொளதொளன்னு இருக்கே. இது நிக்குமா?" என்றான்.

"கனகாம்பரத்தை எப்படிக் கட்டுறேன்னு ஒருநாளாவது பார்த்திருக்கீங்களா? இறுக்கினாக் கழுத்து அறுந்து பூ கீழ விழும். விட்டுப் பிடிக்கணும். கோல்ல இறுக்கு, காம்புல விடு. விரலை உள்ள விட்டுப் பாருங்க."

அவன் தன் உருண்டை விரலை உள்ளே விட்டான். நுழைந்தது. அப்படியே எடுக்காமல் வைத்துக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேன், கண்ணு" என்றான். வண்டிப்பேட்டையே நடுங்குகிற ஆள், பானை முன்னால் உட்கார்ந்து தேம்பினான்.

செடி பிழைத்தது. ஒவ்வொரு சாண் உயரத்துக்கும் அவள் ஒரு துணிமுடிச்சுப் போட, அது கோலோடு சேர்ந்து ஏறியது. காய்கள் வெளுத்து, மஞ்சளாகி, ஒருநாள் காலையில் முதல் காய் சிவந்தது. வெள்ளாடு வேறு சந்துக்குப் போய்விட்டது. ஆனால் தொண்டை நெரிந்த இடத்தில் குரல் மட்டும் திரும்பவில்லை.

தாண்டவராயன் அதன் பிறகு சூடாமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பாரம் கட்டப் போகவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டப் பழகினான். முதல் மாதம் அவன் கட்டிய சரத்தில் தலையுள்ள பூவே கிடையாது. தினமும் காலையில் செடியின் முடிச்சுகளில் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்ப்பான். "மாமா தள்ளி நின்னுட்டேன், வெயில் வருதா?" என்று கேட்பான். பதில் வராது. ஆனால் கையை எடுத்தால் விரலெல்லாம் பச்சைப்பசேலென்று ஒரு வாசனை இருக்கும். எத்தனை தடவை கழுவினாலும் மத்தியானம்வரை போகாது. அவன் சோற்றுக்கு உட்காரும்போதும் அந்தக் கையை முகர்ந்துவிட்டுத்தான் உட்காருவான்.

அன்று முதல்தான் தொட்டியில் வைத்த தக்காளி கோலில்லாமல் நிற்பதில்லை. அன்று முதல்தான் அதைப் பழந்துணியால் விரல் நுழைய இடம்விட்டுக் கட்டுகிறோம். அன்று புல்லரித்ததுதான் இன்றும் அதன் தண்டில் பூனைமயிராய் நிற்கிறது. வாய் போன செடி, தொட்டவர் கையில் தன் வாசனையை விட்டுப் பேசுவதும் அன்று முதல்தான்.

இவ்வளவுதான் கதை. தாராளமாக ஊரெல்லாம் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வெளியே வந்தால் அந்த வெள்ளாட்டு வம்சம் என் வேட்டியை மேய்ந்துவிடும்.